உள்ளமும் உரையும்

தமிழகத்துக்கு வேங்கடத்தை வடவெல்லையாகவும் குமரியைத் தென்னெல்லையாகவும் கூறுகிறது தொல்காப்பியப் பாயிரம். 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953-இல் அது ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தை அடைந்தது. எல்லைக்கோடு இவ்வாறு நகர்ந்த போதும், விஜயபுரத்தில் வாழும் நம் நாவில் தமிழ் நிலைத்தது. உள்ளத்தை வெளியிடவும் மறைக்கவும் அத்தமிழ் வழங்கிய சொற்களை இம்மலரில் எண்ணிப் பார்ப்போம்.

"மெய்" என்னும் சொல் உடலையும் குறிக்கும், உண்மையையும் குறிக்கும். உள்ளத்தில் எழுந்தது உடலிற் புலப்படுதலே மெய்ப்பாடு. தொல்காப்பியர் அதற்கென ஓர் இயலே வகுத்து, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டாக எண்ணினார். வாய் மறைத்ததை மெய் காட்டிவிடும் என்பது இதன் கருத்து.

மறைத்தலும் இருவகைத்து. நாணத்தால் மறைப்பது ஒன்று. வஞ்சத்தால் மறைப்பது மற்றொன்று. வள்ளுவர் "குறிப்பறிதல்" என்னும் ஒரே பெயரை 71, 110 ஆகிய இரண்டு அதிகாரங்களுக்குச் சூட்டினார். முன்னதில் அமைச்சன் அரசனின் முகக்குறிப்பை உணர்கிறான். பின்னதில் தலைவன் தலைவியின் நோக்கை உணர்கிறான். வஞ்ச மறைப்பையோ, கூடாவொழுக்கம், கூடாநட்பு என வேறாக வைத்துக் கடிந்தார். சீனரும், கான்டனீஸ் பேசுவோர் உட்பட, வாய் ஆம் என்று சொல்ல நெஞ்சு அன்று என்று சொல்வதை நான்கே எழுத்துக்களில் அடக்கிக் கூறுவர். இக்கவலை உலகப் பொதுவானதே.

நம் அண்டை மொழியும் அயலன்று. தமிழின் "உள்ளம்" தெலுங்கில் "உல்லமு". நம் "மனசார" அவர்களுக்கு "மனசாரா". ஆயினும் சில சொற்கள் இல்லத்தில்தான் உயிர்வாழும். "மனத்தாங்கல்" என்பதைக் காண்க. அது சினமன்று, பகையுமன்று; உரிமையுடையாரிடம் மட்டுமே தோன்றி, வாய்விட்டுச் சொல்லப்படாத வருத்தம். இச்சொல்லை அறியாத பேரன், பாட்டியின் மௌனத்தைக் கோபமென்றெண்ணி விலகிச் செல்வான். அறிந்தவனோ அருகில் சென்று அமர்வான்.

நம் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கு பயில்வது நன்றே. இல்லத்தில் ஏக்கம், பரிவு, ஆற்றாமை, மனத்தாங்கல் என்னும் சொற்களை அவர்கள் காதில் விழும்படி பேசுவது பெற்றோராகிய நம் கடன். பெயர் தெரிந்த துயரத்தைப் பகிர்ந்துகொள்ள முடியும்.