முஹன்னத்: கஞ்சமலை இரும்பும் அரபு வாளும்

அரபு மொழியில் வாளுக்குப் பெயர்கள் பல. ஸைஃப் என்பது பொதுப்பெயர். அதன் வெட்டும் திறத்தைக் கொண்டு ஹுஸாம் என்றும் ஸாரிம் என்றும் அழைப்பர். நம் பிள்ளைகளுக்கு ஸைஃபுத்தீன், ஹுஸாமுத்தீன் என்று பெயர் சூட்டும்போது இச்சொற்களையே எடுத்தாளுகிறோம். இப்பெயர்களுக்கிடையே ஒன்று மட்டும் ஒரு நாட்டைச் சுட்டி நிற்கிறது. அதுவே முஹன்னத். ஹிந்த் என்னும் சொல்லிலிருந்து பிறந்த அப்பெயருக்கு, இந்திய எஃகினால் ஆன வாள் என்பது பொருள்.

கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) அவர்களின் வரலாறு மத்ரஸா மாணவர் அறிந்ததே. இஸ்லாத்தை எதிர்த்துக் கவிதை புனைந்தவர், பின்னர் மனம் திரும்பி மதீனாவுக்கு வந்து, நபி (ஸல்) அவர்களின் முன்னிலையில் தம் கஸீதாவைப் பாடினார். அதில் அவர் நபியவர்களை உறையிலிருந்து உருவப்பட்ட முஹன்னத் வாளுக்கு ஒப்பிட்டார். நபியவர்கள் தம் மேலாடையை அவருக்குப் போர்த்தினார்கள் என்பது அறிவிப்பு. பானத் ஸுஆத் என்று அழைக்கப்படும் அக்கவிதையை ஓதும்போது நாம் உவமையின் அழகில் நின்றுவிடுகிறோம். அந்த எஃகு எங்கிருந்து சென்றது என்று கேட்பதில்லை. பாலைவனத்துக் கவிஞர் ஒருவர் இந்திய வாள் என்று சொன்னதும், கேட்டவர் எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அந்த அளவுக்கு அப்பொருள் அங்கே அறிமுகமாகியிருந்தது.

வாளைப் பற்றிய பேச்சு இக்காலத்தில் நம் வீடுகளுக்குள் இரண்டு வழிகளில் நுழைகிறது. வாளால் பரவிய மார்க்கம் என்று பிறர் கூறும் பழி ஒன்று. கைப்பேசியில் வாள் படங்களை வைத்துக்கொண்டு நம் இளைஞர் சிலர் கொள்ளும் பெருமை மற்றொன்று. இரண்டிலும் வாளைப் பிடித்த கை மட்டுமே தெரிகிறது; வாளுக்கு இரும்பு தந்த கை தெரிவதில்லை. அந்தக் கையைத் தேடிச் சென்றால், நாம் வந்து சேரும் இடங்களில் ஒன்று நம் சேலம்.

ஏற்காடு மலைப்பாதை தொடங்கும் அடிவாரத்தில் நின்று பார்ப்பவருக்குச் சேர்வராயன் மலையும் காப்பித் தோட்டங்களும்தாம் நினைவுக்கு வரும். ஆனால் இம்மாவட்டத்தின் பழம்புகழ் சமவெளியில் தனித்து நிற்கும் குன்றுகளில் இருக்கிறது. நகருக்குத் தென்மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை, வடகிழக்கே தொலைவில் தீர்த்தமலை ஆகியவற்றில் காந்த இரும்புக்கல் பட்டை பட்டையாக ஓடுகிறது. காந்தத்தால் இழுக்கப்படும் கருநிறக் கனிமமும் வெண்ணிறப் படிகக்கல்லும் மாறி மாறிப் படிந்த பாறை அது. 1864-இல் வெளிவந்த புவியியல் ஆய்வுத் துறையின் அறிக்கை இக்குன்றுகளைத் தனித்தனியே பெயர் சொல்லி விவரிக்கிறது.

இந்தக் கல்லிலிருந்து எஃகு எடுத்த முறையை, கம்பெனி அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1839-இல் எழுதிய கட்டுரையில் காணலாம். முதலில் கல்லை இடித்துத் தூளாக்கிப் படிகக்கல்லைப் பிரித்துவிடுவர். நான்கு, ஐந்து அடி உயரத்தில் களிமண்ணால் உலை கட்டுவர். அடியில் அகன்று மேலே குறுகிய வடிவம். ஆட்டுத்தோல் துருத்திகள் இரண்டு, அவற்றின் வாயில் மூங்கில் குழல். கரியும் கனிமமும் மாற்றி மாற்றி இட்டு நான்கு மணி நேரம் ஊதிய பின் உலையின் முன்புறத்தை உடைத்து இரும்புக் கட்டியை இழுத்தெடுப்பர்.

அது இரும்பு மட்டுமே; எஃகு அன்று. அடுத்த கட்டத்தில்தான் கைத்திறன் இருக்கிறது. அடித்துச் சுத்தம் செய்த இரும்பைத் துண்டுகளாக்கி, சிறிய மண் மூசையில் இடுவர். அதனுடன் இரும்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு உலர்ந்த ஆவாரங்குச்சியை நறுக்கிப் போடுவர். மேலே ஒன்றிரண்டு பச்சை எருக்கிலைகளை மூடி, மூசையின் வாயைக் களிமண்ணால் காற்றுப் புகாமல் அடைப்பர். களி காய்ந்ததும் 20 முதல் 24 மூசைகளை உலைக்குள் வளைவாக அடுக்கி, இரண்டரை மணி நேரம் இடைவிடாது ஊதுவர். ஆவாரங்குச்சியும் எருக்கிலையும் கரிந்து தரும் கரிமம் இரும்புக்குள் சென்று அதை உருக்கி எஃகாக்கும். மூசை ஆறிய பின் உடைத்தால் உள்ளங்கையளவு எஃகு வில்லை கிடைக்கும். நடுவிலிருந்து கதிர்போல் விரியும் கோடுகள் அதன் மேற்பரப்பில் இருந்தால் வேலை பலித்தது என்று அறிந்துகொள்வர். ஆவாரையும் எருக்கும் இன்றும் நம் சாலையோரங்களில் கேட்பாரற்று வளர்கின்றன.

கன்னடத்தில் உக்கு என்றும் தமிழில் எஃகு, உருக்கு என்றும் வழங்கிய இப்பொருளை ஐரோப்பியர் வூட்ஸ் என்று அழைத்தனர். 1795-இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் இதைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். பின்னர் மைக்கேல் ஃபாரடேயும் இதை ஆராய்ந்தார். கரிமம் மிகுந்த எஃகு என்பதால் வெண்சூட்டில் அடித்தால் நொறுங்கிவிடும். குறைந்த சூட்டில் பொறுமையாக அடிக்கத் தெரிந்த கொல்லருக்கே அது வசப்பட்டது. அவ்வாறு அடித்த வாளின் மேல் நீரலை போன்ற வரிகள் தோன்றும். அரபியர் அதை ஃபிரிந்த் என்றனர். டமாஸ்கஸ் வாள் என்று உலகம் வியந்தது பெரும்பாலும் இதையே.

இது கடல் கடந்ததற்குச் சான்றுகள் பல. கி.பி. முதல் நூற்றாண்டின் செங்கடல் வழிகாட்டி நூல், ஆப்பிரிக்கக் கரையின் அதூலிஸ் துறைமுகத்தில் இந்திய இரும்பும் எஃகும் இறங்கியதைக் குறிக்கிறது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களே வெளிப்பட்டன. கலீஃபா முஃதஸிம் அவர்களுக்காக வாள்களைப் பற்றித் தனி நூலே எழுதிய தத்துவஞானி அல்கிந்தி, எஃகுகளைத் தரம் பிரிக்கும்போது யமன் வாள்களோடு இந்திய வாள்களையும் உயர்ந்த வகையில் வைக்கிறார். ஸரந்தீப் எனும் இலங்கை எஃகையும் தனியே குறிப்பிடுகிறார். 12-ஆம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்த யூத வணிகர் பென் யிஜூ ஏடனுக்கு இரும்பு அனுப்பிய கணக்குக் கடிதங்கள் கெய்ரோவில் கிடைத்துள்ளன. அதே நூற்றாண்டில், 1154-இல் தம் புவியியல் நூலை முடித்த அல்இத்ரீஸி, கிழக்கு ஆப்பிரிக்காவின் ஸுஃபாலா இரும்பு இந்தியாவுக்குச் சென்று சிறந்த வாளாவதை எழுதுகிறார். ஆப்பிரிக்க இரும்பு, இந்தியக் கைத்திறன், அரபு வணிகம் என்று ஒரே வாளில் மூன்று கரைகள்.

இதைக் கொண்டு எல்லா முஹன்னத் வாளும் சேலத்து வாள் என்று கொடி பிடிப்பது முறையாகாது. தெலுங்கானாவின் கோனசமுத்திரத்தில் எஃகு வாங்கப் பாரசீக வணிகர்கள் வந்து தங்கினர். மைசூர் நாட்டிலும் எஃகு உலைகள் எரிந்தன. இலங்கையின் சமனலவேவவில் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்ட உலைகள் இருந்தன. அவற்றுள் ஒன்று சேலம். அந்த இடமே போதுமான பெருமைதான்.

இனி அந்தக் கைகளைப் பற்றி. உலை ஊதியவர் ஒருவரின் பெயரும் எந்த வாளிலும் இல்லை. வாளின் மேல் அரசர் பெயர் உண்டு. சில வேளை வாளடித்த கொல்லரின் பெயர் உண்டு. கல் இடித்தவர், கரி சுட்டவர் பெயர் இல்லை. அவர்கள் நம் மார்க்கத்தவரும் அல்லர். ஆனால் இந்த மறதி நம் மார்க்கம் கற்றுத்தந்தது அன்று. மக்காவில் வாள் செய்து பிழைத்தவர் கப்பாப் இப்னுல் அரத் (ரலி). ஆஸ் இப்னு வாயிலுக்கு அவர் வேலை செய்து கொடுத்தார். கூலி கேட்டபோது, முஹம்மதை மறுத்தால்தான் தருவேன் என்றான் அவன். ஒரு கொல்லரின் நிலுவைக் கூலியை முன்னிட்டே ஸூரா மர்யமின் 77-ஆவது வசனமும் அதைத் தொடர்பவையும் இறங்கின என்பதை ஸஹீஹ் புகாரி அறிவிக்கிறது. தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததையும், கவசத்தின் கண்ணிகளை அளவாகச் செய்யக் கட்டளையிட்டதையும் ஸூரா ஸபஉ கூறுகிறது. அரசராகவும் நபியாகவும் இருந்த அவர் தம் கையுழைப்பிலிருந்தே உண்டார் என்பது ஹதீஸ். இரும்பின் பெயரிலேயே அமைந்த ஸூரா அல்ஹதீதின் 25-ஆவது வசனம், அதிலுள்ள கடும் வலிமையையும் மனிதருக்கான பயன்களையும் சேர்த்தே சொல்கிறது. நாம் முதற்பாதியோடு நிறுத்திக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

திப்பு சுல்தானைத் தவிர்த்துவிட்டு இம்மாவட்டத்தில் வாளைப் பற்றிப் பேச இயலாது. சங்ககிரிக் கோட்டை உட்பட இப்பகுதி மைசூர் ஆட்சியில் இருந்து, 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகாலுடன் கம்பெனியின் கைக்குப் போனது. அவருடைய வாள் ஒன்று 2023 மே மாதம் லண்டனில் 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்குமேல் ஏலம் போனபோது நம் சமூகத்தில் அச்செய்தி பரவாத வீடில்லை. ஆயினும் போர்க்கலையில் ஆங்கிலேயர் மைசூரிடம் கற்றுக்கொண்டது வாளை அன்று. இரும்புக் குழாயில் மருந்து அடைத்த ராக்கெட்டை. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் அவற்றின் வலிமையைக் கண்டனர். 1799-க்குப் பின் அவற்றைத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்று ஆராய்ந்தனர். காங்கிரீவ் ராக்கெட் அதிலிருந்து வளர்ந்தது. ஏலத்தொகையைப் பகிர்ந்த நம்மவர் இதையும் பகிர்ந்திருக்கலாம்.

எஃகு உலைகள் அணைந்த கதை நீண்டது. ஹீத் 1830-இல் பரங்கிப்பேட்டையில் பெரும் இரும்பாலையை நிறுவினார். நம் முன்னோர் மஹ்மூது பந்தர் என்றழைத்த அதே துறைமுகம்தான். சேலத்துக் கனிமம் அங்கே கொண்டுசெல்லப்பட்டது. காடுகளின் கரியை நம்பிய அவ்வாலை சில பத்தாண்டுகளே நடந்து மூடப்பட்டது. இங்கிலாந்தின் மலிவான எஃகு கப்பலில் வந்து குவிந்தது. 1878 ஆயுதச் சட்டத்தால் உரிமம் இன்றி வாள் ஏந்திச் செல்வது குற்றமாயிற்று. 1882 சென்னை வனச் சட்டம் மலைக்காடுகளை அரசின் காவலுக்குள் கொண்டுவந்தது. கரி இல்லாமல் உலை ஏது? வாளைப் பிடித்தவருக்குத் தோல்வி ஒரு போர்க்களத்தில் நேர்ந்தது. உலை ஊதியவருக்கோ அது கரி விலையிலும் காட்டுக் காவலரின் அபராதத்திலுமாகச் சிறுகச் சிறுக நேர்ந்தது.

கஞ்சமலையின் அடிவாரத்தில் 1970-இல் இந்திரா காந்தி அம்மையார் சேலம் உருக்காலைக்கு அடிக்கல் நாட்டினார். மலையின் இரும்புக்கல்லை உருக்குவதே முதலில் எண்ணியது. திட்டம் மாறி, 1980-களின் தொடக்கத்தில் அது வெளியிலிருந்து வரும் எஃகைத் தகடாக்கும் ஆலையாகவே இயங்கத் தொடங்கியது. இன்று அங்கிருந்து வெளிவரும் துருப்பிடிக்காத எஃகுத் தகடு தட்டாகவும் குவளையாகவும் நம் சமையலறைகளுக்கு வருகிறது. மலையின் கல் பெரும்பாலும் மலையிலேயே இருக்கிறது.