கம்பியா ஏன் வழக்குப் போட்டது?

2024 டிசெம்பரில் முள்ளிவாய்க்கால் கரையோரம் ஒரு படகு ஒதுங்கியது. அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்கள், அவர்களில் கன பேர் குழந்தைகள். முதலில் கண்டது எங்கட மீனவர்கள்தான். திருகோணமலைக்குக் கொண்டுபோய், பிறகு கேப்பாப்பிலவு விமானப்படை முகாமில் வைத்தார்கள். அந்த நாட்களில் முகப்புத்தகத்தில் "முள்ளிவாய்க்கால்" என்ற பெயரையும் ரோஹிங்யாக்களையும் சேர்த்து நிறையப் பேர் உருக்கமாக எழுதினார்கள். ஆனால் அந்த மக்களுக்காக உலக நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்குது எண்டதையும், அதைப் போட்டது எந்த நாடு எண்டதையும் எழுதியவர்கள் மிகக் குறைவு.

அந்த நாடு கம்பியா. ஆபிரிக்கப் பெருநிலத்தின் மிகச் சிறிய நாடு. ஆற்றின் இரு கரையிலும் ஒரு கீற்றுப் போலக் கிடக்கும். வழக்குப் போட்டபோது சனத்தொகை இருபது இலட்சத்தைச் சற்றுத் தாண்டியிருந்தது. மியன்மாருக்கும் அதுக்கும் எல்லையும் இல்லை, பகையும் இல்லை. பிறகேன் உந்த வேலை?

பதிலின் ஒரு பாதி ஒரு மனிதரில் இருக்கிறது. கம்பியாவின் நீதி அமைச்சராக இருந்த அபூபக்கர் தம்பாது, அதற்கு முன் பல வருடங்கள் ருவண்டா இனப்படுகொலையை விசாரித்த ஐநா தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடுநராக வேலை செய்தவர். 2018 மே மாதம் டாக்காவில் இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் கூட்டம் நடந்தது. கம்பியாவின் வெளிவிவகார அமைச்சருக்குப் பதிலாகத்தான் இவர் அங்கு போனார். போன இடத்தில் கொக்ஸ் பஜார் முகாம்களையும் பார்த்தார். 2017 ஆகஸ்ட் 25க்குப் பிறகு மியன்மார் இராணுவத்தின் நடவடிக்கையால் பங்களாதேஷுக்கு ஓடிவந்தவர்கள் ஏழு இலட்சத்துக்கும் அதிகம். அவர்கள் சொன்ன கதைகளில் அவருக்கு ருவண்டாதான் தெரிந்தது.

மற்றப் பாதி கம்பியாவின் சொந்த வரலாறு. 1994இல் சதிப்புரட்சியால் வந்த யஹ்யா ஜாமே 22 வருடங்கள் ஆண்டார். 2016இல் சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து விலகப்போவதாக அறிவித்ததும் அவருடைய அரசுதான். 2017இல் அவர் நாட்டைவிட்டுப் போனதும் புதிய அரசு அந்த முடிவை மாற்றியது. தன் வீட்டுக்குள் நடந்ததை விசாரிக்க ஒரு உண்மை ஆணைக்குழுவையும் அமைத்தது.

இனி சட்டத்துக்கு வருவோம். 1948இன் இனப்படுகொலைச் சமவாயத்தில் 9ஆவது உறுப்புரை எண்டு ஒன்று இருக்கு. சமவாயம் தொடர்பாக நாடுகளுக்கிடையே பிணக்கு வந்தால் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போகலாம் என்கிறது அது. மியன்மார் 1956இல் சமவாயத்தில் இணைந்தபோது இந்த உறுப்புரைக்கு விலக்குக் கேட்கவில்லை. அகதிகளைச் சுமக்கும் பங்களாதேஷோ விலக்கு வைத்திருந்தது. அதனால் பங்களாதேஷால் வழக்குப் போடுவது கடினம். கம்பியாவுக்கு அந்தத் தடை இல்லை. 57 நாடுகளின் இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு பின்னால் நிற்க, 2019 நவம்பர் 11 அன்று அது வழக்கைத் தாக்கல் செய்தது.

டிசெம்பரில் ஹேக் நகரில் மியன்மாருக்காக எழுந்து நின்றவர் ஆங் சான் சூகி. ஒருகாலத்தில் இராணுவத்தால் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டவர், சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். அவர் அதே இராணுவத்துக்காகப் பேசினார். 2021 பெப்ரவரியில் அந்த இராணுவமே அவரைச் சிறை வைத்தது.

2020 ஜனவரி 23 அன்று நீதிமன்றம் ஏகமனதாக இடைக்கால உத்தரவு போட்டது: ரோஹிங்யாக்களுக்கு எதிரான இனப்படுகொலைச் செயல்களைத் தடுக்க வேண்டும், ஆதாரங்களை அழிக்கக்கூடாது, குறித்த காலத்துக்கு ஒருமுறை அறிக்கை தரவேண்டும். "கம்பியாவுக்கு ஒரு பாதிப்பும் இல்லையே" என்ற மியன்மாரின் ஆட்சேபனையை 2022 ஜூலையில் 15க்கு 1 என்ற கணக்கில் நிராகரித்தது. இனப்படுகொலையைத் தடுப்பது சமவாயத்தில் கையெழுத்திட்ட எல்லா நாடுகளினதும் பொது அக்கறை, ஆகவே எந்த நாடும் கேள்வி கேட்கலாம் என்பதுதான் அதன் சாரம். 2023 டிசெம்பரில் இஸ்ரேலுக்கு எதிராகத் தென்னாபிரிக்கா போனதும் இதே பாதையால்தான்.

இதைப் பெரிய வெற்றியாகக் கொண்டாடவும் ஏலாது. இந்த நீதிமன்றம் ஆட்களைச் சிறையில் போடாது, நாட்டின் பொறுப்பை மட்டும்தான் தீர்மானிக்கும். இனப்படுகொலை என்று நிரூபிக்க, ஒரு குழுவை அழிக்கும் நோக்கம் இருந்ததைக் காட்டவேண்டும். பொஸ்னியா வழக்கில் 2007இல் தீர்ப்பு வந்தபோது, ஸ்ரெப்ரெனிசாவில் நடந்தது இனப்படுகொலை என்று ஏற்ற நீதிமன்றம், சேர்பியா அதைச் செய்ததாகச் சொல்லவில்லை. தடுக்கத் தவறியதாகவும், செய்தவர்களைத் தண்டிக்கத் தவறியதாகவும்தான் சொன்னது. கம்பியாவின் வழக்கிலும் ஐந்து வருடங்கள் கடந்தபோது இறுதித் தீர்ப்பு வந்திருக்கவில்லை.

நாங்கள் என்ன எடுத்துக்கொள்வது? இலங்கையும் 1950இலேயே இந்தச் சமவாயத்தில் இணைந்த நாடு. ஜெனீவாவில் ஒவ்வொரு முறையும் நாங்கள் அமெரிக்கா என்ன சொல்லும், பிரித்தானியா என்ன சொல்லும், இந்தியா எந்தப் பக்கம் வாக்களிக்கும் எண்டுதான் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். 2021இன் 46/1 தீர்மானத்துக்குப் பிறகு ஐநா மனித உரிமைகள் அலுவலகம் ஆதாரங்களைச் சேகரிக்கிறது. ஆனால் ஆதாரம் தானாக நடந்து நீதிமன்றத்துக்குப் போகாது, யாரோ ஒருவர் தூக்கிக்கொண்டு போகவேண்டும். ரோஹிங்யாக்கள் விடயத்தில் தூக்கியது ஒரு வல்லரசு இல்லை. கனடாவும் பிரித்தானியாவும் பிரான்சும் ஜேர்மனியும் இந்த வழக்கில் தலையிட்டது 2023 நவம்பரில், கம்பியா தனியாக நின்று நான்கு வருடங்களுக்குப் பிறகு.

இன்னொன்றும் இருக்கு. தம்பாது தன் மக்களல்லாத மக்களின் முகாமுக்குப் போய்க் கதை கேட்டார். கேப்பாப்பிலவில் இருந்தவர்களைத் திருப்பி அனுப்புவது பற்றி அரசாங்கம் பேசியபோது முல்லைத்தீவில் சிலர் வீதியில் இறங்கினார்கள். அவர்கள் கொஞ்சப் பேர்தான். எங்களுக்காக ஒரு கம்பியா வருமா எண்டு கேட்கிற நாங்கள், அடுத்தவர்களுக்கு யாராக இருந்தோம் எண்டதையும் கேட்கத்தான் வேணும்.