யார் கட்டிய பள்ளி, யார் பிள்ளைக்கு?

“பையன் கான்வென்ட்ல படிக்கிறான்” என்று நம் வீடுகளில் சொன்னால் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. நல்ல இங்கிலீஷ், கண்டிப்பு, கொஞ்சம் கூடுதல் ஃபீஸ். அமெரிக்காவில் கத்தோலிக்கப் பள்ளி பிறந்த கதையோ நேர் எதிர். அங்கே அது பிழைக்க வந்த கூலிக்காரர்களின் பள்ளிக்கூடம். வெளிமாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் நமக்கு அந்தக் கதையில் யோசிக்க நிறைய இருக்கிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்து, ஜெர்மனி, போலந்து, இத்தாலியிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் ஆலைகளிலும் துறைமுகங்களிலும் உழைத்தார்கள். அரசுப் பள்ளிகளில் புராட்டஸ்டன்ட் பைபிள் வாசிக்கப்பட்டது அவர்களுக்கு உறுத்தியது. 1884இல் பால்டிமோர் நகரில் கூடிய ஆயர்கள், ஒவ்வொரு கோவிலுக்கும் அருகே இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரு பள்ளி எழ வேண்டும் என்று விதித்தார்கள். ஜெர்மானியர் பள்ளியில் ஜெர்மன், போலந்துக்காரர் பள்ளியில் போலிஷ் என்று தாய்மொழியும் அங்கே வாழ்ந்தது. 1889இல் விஸ்கான்சின் மாநிலம் ஆங்கிலத்தைக் கட்டாயமாக்கியபோது ஜெர்மானியர் திரண்டெழுந்தார்கள். அடுத்த ஆண்டுத் தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றது. 1891இல் சட்டமே போய்விட்டது.

இத்தனை பள்ளிகளும் நடந்தது எப்படி? ஒரு பக்கம் பங்கு மக்களின் காணிக்கை. மறு பக்கம், பெயரளவு ஊதியத்துக்கு ஆயுள் முழுதும் பாடம் சொன்ன கன்னியாஸ்திரீகள். 1960களின் நடுவில், பாடம் சொல்லாதவர்களையும் சேர்த்து, கன்னியாஸ்திரீகளின் மொத்த எண்ணிக்கை சுமார் 1,80,000. ஏறத்தாழ 13,000 பள்ளிகள், 52 லட்சம் மாணவர்கள். அதுதான் உச்சம்.

அந்த உச்சம் சரியத் தொடங்கிய வேளையில்தான் மெக்சிகோ, புவேர்ட்டோ ரிக்கோ முதலிய இடங்களிலிருந்து வந்த லத்தீனோ குடும்பங்கள் பெருநகரங்களில் பெருகின. சிகாகோவின் பில்சன் பேட்டையைப் பாருங்கள். பெயரே செக் நாட்டு ஊரின் பெயர். 1960களில் பக்கத்துப் பகுதியில் பல்கலைக்கழக வளாகம் கட்டுவதற்காக வீடிழந்த மெக்சிகோ குடும்பங்கள் பல இங்கே குடியேறின. கோவில் இருந்தது, பள்ளியும் இருந்தது. ஆனால் கட்டியவர்கள் புறநகருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கன்னியாஸ்திரீகள் குறைந்தார்கள். சம்பளம் கொடுத்து ஆசிரியர் வைக்க வேண்டியதாயிற்று. ஃபீஸ் ஏறியது, நூற்றுக்கணக்கான பள்ளிகள் மூடப்பட்டன. முன்னவர்கள் தங்கள் பாஷையில் தாங்களே கட்டிக்கொண்டார்கள். இவர்களுக்குக் கிடைத்ததோ பிறர் கட்டி, பிறர் பாஷையில் நடந்த பள்ளி.

2009இல் நோட்டர் டாம் பல்கலைக்கழகம் அமைத்த குழு ஒரு கணக்கை வெளியிட்டது. லத்தீனோ பிள்ளைகளில் 100க்கு 3 பேர்தான் கத்தோலிக்கப் பள்ளியில். 2020க்குள் பத்து லட்சம் பேரைச் சேர்ப்போம் என்று இலக்கு வைத்தார்கள். எட்ட முடியவில்லை. இன்று நாடு முழுவதும் எல்லா இனத்தாரும் சேர்ந்தே சுமார் 17 லட்சம் மாணவர்கள்தான்.

பணம்தானே காரணம் என்று தோன்றும். பணமும் காரணம், ஆனால் அது மட்டும் இல்லை. மெக்சிகோவின் 1917ஆம் ஆண்டு அரசியல் சட்டம் திருச்சபை தொடக்கப்பள்ளி நடத்தக்கூடாது என்றது. 1992இல்தான் அது தளர்ந்தது. இடையில் நடந்தவை பெரும்பாலும் வசதியானவர்களின் தனியார் பள்ளிகள். ஆக, அங்கிருந்து வந்த தாய்க்குக் கத்தோலிக்கப் பள்ளி என்றாலே, “அது பணக்காரங்க படிக்கிற இடம், நமக்கெதுக்கு” என்ற எண்ணம். உதவித்தொகை இருந்தாலும் கேட்கத் தெரிய வேண்டும். ஆபீஸில் ஸ்பானிஷ் பேச ஆள் இல்லை என்றால் எப்படிக் கேட்பாள்?

வழி கண்டவர்களும் உண்டு. 1996இல் அதே பில்சனில் இயேசு சபையார் ‘கிறிஸ்து ரே’ உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கினார்கள். மாணவர்கள் வாரத்தில் ஒரு நாள் கம்பெனிகளில் வேலை செய்வார்கள். அந்தச் சம்பளம் ஃபீஸில் பெரும்பகுதியை ஈடுகட்டும். ஸ்பானிஷுக்கும் அங்கே இடம் உண்டு. இன்று இதே வழியில் நாடெங்கும் முப்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகள் நடக்கின்றன. 2012இல் பாஸ்டன் கல்லூரி, ஸ்பானிஷ் போன்ற மொழிகளோடு ஆங்கிலத்திலும் பாடம் நடத்தும் பள்ளிகளுக்கென ஒரு கூட்டமைப்பை உருவாக்கியது. நூறு ஆண்டுக்கு முன் ஜெர்மானியர் செய்ததையே சுற்றிவந்து பிடித்தார்கள் என்று சொல்லலாம்.

இதில் எனக்குப் படுவது ஒன்றுதான். கதவு திறந்திருப்பது வேறு, “உள்ள வாங்க” என்று அவரவர் பாஷையில் கூப்பிடுவது வேறு. நம் முன்னோர் வெளியூர்களில் தமிழ்ப் பள்ளியும் சங்கமும் கண்டபோது அவர்களும் புதிதாய் வந்தவர்கள்தான். இன்று கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் ஊரிலிருந்து வந்திறங்கும் குடும்பம் நம் சங்க வாசலைப் பார்த்து, “இது பெரிய மனுஷங்க இடம்” என்று தாண்டிப் போகிறதா? பதில் நம் கையில்தான் இருக்கிறது.