8 எலக்ட்ரான்வோல்ட்: கல்பாக்கம் யுரேனியமும் ஒரு கழித்தல் கணக்கும்

ஈசிஆரில் மாமல்லபுரம் தாண்டித் தெற்கே போனால் சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை, அதை அடுத்து கல்பாக்கம். அங்கே மின் நிலையம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். பக்கத்திலேயே இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் 'காமினி' என்று ஒரு குட்டி உலை இருப்பது பலருக்குத் தெரியாது. எனக்கும் ரொம்ப நாள் தெரியாது.

கல்பாக்கம் மினி என்பதன் சுருக்கம்தான் காமினி. 1996 அக்டோபர் 29-ல் இயங்கத் தொடங்கியது. திறன் வெறும் 30 கிலோவாட். மின்சாரத்துக்கு அல்ல, ஆய்வுக்கு. இதன் சிறப்பு எரிபொருளில் இருக்கிறது: சுமார் 600 கிராம் யுரேனியம்-233. இதை வெட்டி எடுக்க சுரங்கம் கிடையாது. மணவாளக்குறிச்சி போன்ற கடற்கரைகளின் மோனசைட் மணலில் தோரியம் இருக்கிறது. அந்தத் தோரியத்தை ஓர் உலைக்குள் வைத்து நியூட்ரான் ஏற்றினால் கிடைப்பதுதான் யுரேனியம்-233.

அது ஆல்ஃபா துகளை விட்டுச் சிதைந்தால் தோரியம்-229 ஆகிறது. நம்ம கதை இந்தத் தோரியம்-229 பற்றியது.

அணுக்கருவுக்கும் மாடிப்படி மாதிரி ஆற்றல் நிலைகள் உண்டு. மேல்படியிலிருந்து கீழே இறங்கும்போது காமா கதிர் வரும். ஒரு படியின் உயரம் சாதாரணமாக ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் எலக்ட்ரான்வோல்ட் இருக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு 2, 3 எலக்ட்ரான்வோல்ட்தான். அதனால் லேசர் அடித்து அணுக்கருவைக் கிளப்புவது நடக்காத காரியம் என்றே நினைத்தார்கள்.

1976-ல் அமெரிக்காவின் ஐடஹோவில் க்ரோகர், ரைக் என்ற இருவர் யுரேனியம்-233 சிதைவில் வரும் காமா கதிர்களை அளந்தார்கள். கணக்கு ஒத்துவரவில்லை. தோரியம்-229-ல் தரைத்தளத்துக்கு மேலே 100 எலக்ட்ரான்வோல்ட்டுக்கும் குறைவான உயரத்தில் இன்னொரு படி இருந்தால் மட்டுமே ஒத்துவரும் என்று சொன்னார்கள்.

எவ்வளவு உயரம்? நேரடியாக அளக்க முடியாது. 29,000, 42,000 எலக்ட்ரான்வோல்ட் அளவுள்ள காமா கதிர்களை அளந்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துத்தான் கண்டுபிடிக்கணும். ப்ரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இந்த இடத்தில் வயிற்றில் புளி கரையும். கிட்டத்தட்ட சமமான இரண்டு பெரிய எண்களைக் கழித்தால், விடையில் மிஞ்சுவது பெரும்பாலும் பிழைதான். நானே ஒரு தடவை இப்படிக் கழித்து, வந்த குப்பையை விடை என்று ரெண்டு நாள் நம்பியிருக்கிறேன்.

1994-ல் ரைக்கும் ஹெல்மரும் தந்த விடை 3.5 எலக்ட்ரான்வோல்ட், பிழை ஒன்று கூடலாம் குறையலாம். எல்லோரும் அதை நம்பித் தேடினார்கள். 1997-ல் யுரேனியம்-233 மாதிரியிலிருந்து அதே ஆற்றலில் ஒளி வருகிறது என்று ஓர் அறிவிப்பும் வந்தது. பிறகு மற்றவர்கள் சோதித்தபோது, அது ஆல்ஃபா துகள் பட்டுக் காற்றின் நைட்ரஜன் ஒளிர்வது என்று தெரிந்தது. தேடிய எண் கிடைத்ததும் சந்தேகப்படுவதை நிறுத்திவிட்டோம். இது இயற்பியலுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை.

2007-ல் லிவர்மோர் ஆய்வகத்தார் நாசாவில் உருவான, பல மடங்கு கூர்மையான ஒரு கருவியால் மறுபடி அளந்தார்கள். விடை 7.6. பழைய எண்ணைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்! இந்த ஆற்றலுள்ள புற ஊதாக் கதிரைக் காற்றே விழுங்கிவிடும். அதாவது, காற்றில் வைத்துத் தேடியவர்கள் ஆயுசுக்கும் தேடியிருந்தாலும் பார்த்திருக்க முடியாது.

2016-ல் மியூனிக்கில் அந்த நிலையை நேரடியாகக் கண்டுகொண்டார்கள். 2023-ல் செர்ன் ஆய்வகத்தில் அதன் ஒளியைப் பார்த்தார்கள். 2024-ல் ஜெர்மனி–வியன்னா குழு லேசரால் அணுக்கருவைக் கிளப்பியே காட்டியது. அதே வருஷம் அமெரிக்காவின் போல்டரில் அளந்த அதிர்வெண் 2,020,407,384,335 கிலோஹெர்ட்ஸ். ஆற்றலில் சொன்னால் 8.36 எலக்ட்ரான்வோல்ட். அணுக்கருக் கடிகாரம் என்ற கனவுக்கு இதுதான் அடித்தளம்.

இப்போது கல்பாக்கத்துக்குத் திரும்புவோம். ஒரு கிராம் யுரேனியம்-233-ல் வினாடிக்குச் சுமார் 36 கோடி சிதைவுகள். 600 கிராமுக்கு 21,000 கோடிக்கு மேல். இதில் 2 சதவீதம் அந்தக் குட்டிப் படியில் வந்து நிற்கும். ஆக, காமினியின் எரிபொருளில் வினாடிக்கு 400 கோடி அணுக்கருக்களுக்கு மேல் அந்த நிலையைத் தொட்டுப் போகின்றன. உலை ஓடினாலும் ஓடாவிட்டாலும் இது நடக்கும்.

அந்த ஒளியை அங்கே பார்க்க முடியுமா? முடியாது. எரிபொருள் உலோகக் கலவை. உலோகத்துக்குள் அந்த ஆற்றலைப் பக்கத்து எலக்ட்ரான் மைக்ரோ வினாடிகளில் வாங்கிக்கொள்ளும். கால்சியம் ஃப்ளோரைடு படிகத்துக்குள் வைத்தால் அதே நிலை பத்து நிமிஷம் தாங்குகிறது. இருக்கும் இடத்தைப் பொறுத்து அணுக்கருவின் ஆயுளே மாறுகிறது!

48 வருஷம் உலகம் தேடிய ஒன்று, ஈசிஆரில் நாம் காரில் கடந்துபோகும் இடத்தில் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்திருக்கிறது. 400 கோடி என்ற கணக்கு நான் போட்டது. கழித்தல் எதுவும் இல்லை, பெருக்கல்தான். இருந்தாலும் ஒருமுறை நீங்களும் போட்டுப் பாருங்க.