பண்டைய வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது?
ஊவாத் தோட்டப் பாடசாலைகளை முன்னிறுத்திய ஒரு நோக்கு

பண்டைய வரலாறு என்றதும் நம் மாணவர் மனத்தில் எழுவது அரசர் பெயர்களின் நிரலேயாகும். யாருக்குப் பின் யார் ஆண்டார், எக்குளத்தைக் கட்டினார், எப்போரில் வென்றார் என்பனவற்றை மனனஞ் செய்து பரீட்சைத் தாளில் இறக்கிவைத்ததும் அவற்றோடு அவர்க்குள்ள தொடர்பு அற்றுப்போகின்றது. ஊவாத் தோட்டப் பாடசாலைகளிலிருந்து உயர்தர வகுப்பை எட்டும் மாணவனுக்கு இன்னுமொரு தடையும் உண்டு. அவனுடைய பாட்டன் பூட்டன் பெயர்கள் எந்த அரச நிரலிலும் இல்லை. கோப்பிக் காலத்தில் கங்காணிமார் ஆட்கட்டிக் கொண்டுவந்ததற்கு முற்பட்ட காலம் யாவும் பிறர்க்குரியது என அவன் எண்ணிக்கொள்கிறான். இவ்வெண்ணத்தோடு வரும் மாணவனுக்குப் பண்டைய வரலாற்றுப் பாடநெறியொன்றை வகுப்பதாயின், எழுத்தின் வரலாற்றிலிருந்தே அதனைத் தொடங்க வேண்டும் என்பது எனது துணிபு.

எழுத்தறிவு இம்மக்களை வந்தடைந்த விதமும் இங்கு நினைக்கத்தக்கது. 1907 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் கடமையைத் தோட்டத் துரையிடமே ஒப்படைத்தது. வேலை வாங்குபவரே பள்ளி நடத்துபவருமாயின் அப்பள்ளி எவ்வளவு தூரம் போகும் என்பதை ஊகித்தறிதல் கடினமன்று. 1960-61 இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் விடுபட்டன. 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானதன் பின், 1977 முதலாகவே அவை படிப்படியாகத் தேசியக் கல்வி அமைப்பினுள் வந்தன. அதற்குள் 1972 ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் வரலாற்றைச் சமூகக் கல்வியினுள் ஒடுக்கியிருந்தது. எனவே தோட்டப் பிள்ளைக்குப் பாடசாலைக் கதவு திறந்த வேளையில் வரலாறு தனிப்பாடமாக அங்கு இருக்கவில்லை.

எழுத்து எதற்காகத் தோன்றியது? கவி பாடவோ கடவுளைத் துதிக்கவோ அன்று. மெசொப்பொத்தேமியாவின் தென்பகுதியிலுள்ள உருக் நகரிற் கிடைத்த, கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டின் இறுதிக்குரிய களிமண் பலகைகளிற் பெரும்பாலானவை கணக்குகளே. வாற்கோதுமை எவ்வளவு, ஆடு எத்தனை, வேலையாட்களுக்கு அளந்த படி எவ்வளவு என்பனவே அவற்றின் பொருள். மனிதத் தலையொன்றின் அருகே கிண்ணமொன்றை வரைந்தால் அது உணவுப் படியைக் குறித்தது. உலகின் முதல் எழுத்தர் ஒருவகையிற் கணக்கப்பிள்ளைமாரே எனலாம்.

இதனைத் தோட்டத்து மாணவனுக்கு விளக்க நெடுநேரம் வேண்டியதில்லை. செக்ரோல் என்னும் பேரேட்டை அவன் அறிவான். அதிலே ஒருநாள் வேலை ஒரு ‘பேர்’ ஆகின்றது. நிறுவையில் கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர்’ விழுகின்றது. மனிதரின் பெயரே உழைப்பின் அளவையாக மாறிய இச்சொல் வழக்கு, எழுத்தின் தோற்றம் பற்றிய எந்தப் பாடநூல் விளக்கத்திலும் கூர்மையானது. இவ்வாறே 1921 இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட ‘துண்டு’ முறையும் எழுத்தின் வலிமைக்குச் சான்றாகும். தொழிலாளியின் கடனைக் குறித்த சிறு கடதாசியொன்று அவன் ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போகலாமா என்பதைத் தீர்மானித்தது. அதனைச் சுமந்தவருட் பெரும்பாலார் அதனை வாசிக்க அறியாதவர்.

ஆயினும் எழுத்து ஆள்வோரின் கருவி மட்டுமே என்று கூறி நிறுத்துவது பாதி உண்மையாகும். எகிப்தில் மூன்றாம் ராம்செஸ் மன்னனின் 29 ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.மு. 12 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அரச கல்லறைகளைக் குடைந்து அணிசெய்த டெயிர் எல் மெதினாத் தொழிலாளர், கூலியாகிய தானியம் உரிய நாளிற் கிடையாமையால் வேலையை நிறுத்திக் கோயில்களின் அருகே சென்று அமர்ந்தனர். இச்செய்தியைத் தாங்கிய பப்பிரசுச் சுவடி இத்தாலியின் தூரின் நகரிலுள்ளது. உலகில் நாமறிந்த மிகப் பழைய வேலைநிறுத்தப் பதிவுகளுள் இது முதன்மையானது. பதுளைக்கு அண்மையிலுள்ள வெவெஸ்ஸ தோட்டத்தில் 1940 இல் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தைத் தம் வீட்டுப் பெரியோர் வாய்வழிக் கேட்ட மாணவருக்கு ராம்செஸ் காலம் அத்துணைத் தொலைவிற் தோன்றாது.

இனிப் பதுளைக்கு வருவோம். பதுளை நகரிலே கற்றூண் ஒன்றுண்டு. மகியங்கனைக்கு அருகிலுள்ள ஹொரபொர வாவியை அண்டி 1857 இல் உதவி அரசாங்க அதிபர் ஜோன் பெய்லியின் கவனத்துக்கு வந்து, பின்னர் நகருக்குக் கொணரப்பட்டது. நான்கு பக்கங்களிலும் இருநூறுக்கு மேற்பட்ட வரிகள் பொறிக்கப்பெற்ற இச்சாசனத்தைப் பரணவிதான படித்துப் பதிப்பித்தார். இது 10 ஆம் நூற்றாண்டுச் சிங்களத்தில் அமைந்தது. உதயன் என்னும் மன்னன் மகியங்கனைத் தாதுகோபத்தை வழிபட வந்த வேளையில், ஹோபிட்டிகம என்னும் சந்தையூரின் வணிகரும் குடிமக்களும் அவன்முன் முறையிட்டனர். முன்னைய மன்னன் வகுத்த விதிகளை மீறித் தண்டநாயகனின் ஆட்கள் தம்மிடம் முறையற்ற வரிகளைப் பறிக்கின்றனர் என்பதே முறைப்பாடு. மன்னன் அளித்த தீர்ப்பே தூணில் உள்ளது. ஊரைக் கடந்து செல்லும் பொருளுக்குச் சுங்கம் அறவிடலாகாது. அங்கீகாரமற்ற அளவைகளைப் பயன்படுத்தலாகாது. அதிகாரிகள் மது, இறைச்சி, தயிர், எண்ணெய் முதலியவற்றைப் பெறலாகாது. போயா நாளில் வணிகம் செய்தால் மகியங்கனை விளக்குகளுக்கு எண்ணெய் கொடுத்தல் வேண்டும். ஒரு சந்தையின் அன்றாடம் முழுவதும் கண்முன் விரிகின்றது.

இத்தூணை வகுப்பறையில் வாசிக்கும்போது கேட்க வேண்டிய வினாக்கள் பல. முறையிட்டவர் எழுதவில்லை, மன்னனின் ஆணையிலேயே அவர் குரல் தங்கியுள்ளது. அப்படியாயின் அக்குரலில் எவ்வளவு அவருடையது? சந்தைக்குப் பொருள் கொணர்ந்த, ஆனால் முறையிட வராத உழவனும் சுமைகாரனும் எங்கே? தோட்டத்து மக்கள் பெட்டிசம் எழுதுபவரிடம் சொல்லி எழுதுவித்த மனுக்களைப் படிப்பதற்கும் இவையே வினாக்கள். தூணின் மொழி சிங்களம் ஆதலால் இப்பாடத்தில் சிங்கள ஆசிரியரின் துணை இன்றியமையாதது. ஒரே நகரின் இருமொழிப் பாடசாலைகள் சேர்ந்து வாசிக்கத்தக்க பழைய ஏடு இதைவிட வேறொன்று கிடைப்பது அரிது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். அநுராதபுரத்திலுள்ள கி.மு. இரண்டாம் நூற்றாண்டளவிலான பிராமிச் சாசனமொன்று தமிழ் இல்லத்தார் சிலரின் பெயர்களைக் குறிப்பதும், திசமகாராமையில் தமிழ்ப் பிராமி பொறித்த ஓடு கிடைத்ததும் உண்மையே. மாணவர் இவற்றைக் கட்டாயம் அறிதல் வேண்டும். ஆனால் அந்த வணிகரையும் மாலுமியையும் இன்றைய தோட்டத் தொழிலாளரின் மூதாதையராக்கி உரிமை நாட்டும் முயற்சியை வரலாறு என்று கொள்ளல் இயலாது. இந்நாட்டில் வாழ்வதற்கான உரிமை இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையைப் பொறுத்ததன்று. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் பறித்ததை ஓட்டுத் துண்டைக் காட்டியா மீட்டோம்? சான்று சொல்வதற்கு மேல் ஓர் அடியும் செல்லாதிருக்கப் பழக்குவதே இப்பாடநெறியின் கடினமான பகுதியாக இருக்கும்.

2007 இல் தொடங்கிய சீர்திருத்தத்தின் பின் இடைநிலை வகுப்புகளில் வரலாறு மீண்டும் தனிப்பாடமாயிற்று. உயர்தர வகுப்பு மாணவர் சிலரை ஒன்றுசேர்த்து வாரம் ஒரு மாலை இப்பாடநெறியை நடத்தப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. கல்வெட்டைப் படியெடுக்கத் தொல்பொருட் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். ஒளிப்படமே தொடக்கத்துக்குப் போதுமானது. ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டிலுள்ள பழைய ஏடொன்றை, அது பிறப்புச் சாட்சிப் பத்திரமாயினும் சம்பளத் துண்டாயினும், தூணிடம் கேட்ட அதே வினாக்களைக் கேட்டு ஒரு கட்டுரையாக எழுதுதல் வேண்டும். தோட்டக் காரியாலயங்களின் பழைய செக்ரோல்களைச் செல்லும் பூச்சியும் அரிக்க விடாமல் பார்வைக்குப் பெற்றுத் தருவது ஆசிரியரின் பொறுப்பாகட்டும்.