மலைக்குடிலில் என்ன சாப்பாடு?

ஆல்ப்ஸ் மலையில் நாலு மணி நேரம் நடந்து ஏறினால், உச்சிக்குக் கீழே ஒரு குடிலில் நட்சத்திர செஃப் உருவாக்கிய உணவு கிடைக்கும். நம்புவீங்களா? ஆஸ்திரியாவின் பாட்ஸ்நௌன் பள்ளத்தாக்கில் 2009-லிருந்து கோடைக்காலத்தில் இது நடக்கிறது. ஒரு செஃபுக்கு ஒரு குடில்.

ஆனா இந்தக் குடில்கள் விருந்துக்காகக் கட்டினது இல்லை. 1863-ல் தொடங்கிய சுவிஸ் ஆல்பைன் கிளப், அதே வருஷம் டோடி மலையில் கட்டிய முதல் குடில் வெறும் ஒதுங்கிடம்தான். சாப்பாட்டை நாமதான் முதுகில் சுமந்துட்டுப் போகணும். அப்புறம்தான் குடில்களுக்குப் பொறுப்பாளர், சமையல், சரக்கேற்றும் ரோப்வே, ஹெலிகாப்டர் எல்லாம் வந்தன.

பாட்ஸ்நௌனில் செஃப் உணவு தரும் குடில்களில் ஒன்று யாம்டால். 1882-ல் கட்டியது, ஜெர்மன் ஆல்பைன் கிளப்புடையது. அந்த கிளப்பின் குடில்களில் ஒரு பழைய வழக்கம் உண்டு: உறுப்பினர்களுக்கு 'மலையேறிச் சாப்பாடு'. விலை குறைவு, குறைந்தது 500 கிலோகலோரி இருக்கணும்.

எனக்கு முக்கியமாப் படுவது இந்த 500தான். செஃப் தட்டு வரட்டும், தப்பில்லை. ஆனா வெளியே புயல் அடிக்கும்போது, மெனு விலையைப் பார்த்துட்டு யாரும் பசியோட படுக்கக் கூடாது. அப்படி ஆனா அது குடில் இல்லை, ஹோட்டல்.