தோட்டத்துப் பெண்ணும் ‘ஒப்பரேச’னும்

பதுளையிலிருந்து பசறைக்கும் நமுனுகுலைக்கும் ஏறும் மலைகளில், வயது முதிர்ந்த தோட்டத்துப் பெண்கள் ‘ஒப்பரேசன்’ என்று சொன்னால் பெரும்பாலும் அது ஒன்றையே குறிக்கும்: கருக்குழாயைக் கட்டும் சத்திரசிகிச்சை.

இதன் வரலாறு மலையகத்துக்குப் புதிதன்று. 1958இல் சுவீடன் அரசின் உதவியோடு இலங்கையில் குடும்பக் கட்டுப்பாட்டு முன்னோடித் திட்டம் தொடங்கியபோது, டயகம தோட்டம் அதன் களங்களுள் ஒன்றாயிற்று. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின. 1973, 74 ஆண்டுகளின் பஞ்சம் லயங்களை வாட்டியது. அதன் வடு ஆறுமுன், 1980இல் சத்திரசிகிச்சைக்கு இசைவோருக்கு அரசு வழங்கிய தொகை 500 ரூபாயாக உயர்ந்தது. ஆணுக்குச் சமமான நாட்கூலி பெண்ணுக்குக் கிடைத்ததோ 1984இல்தான். அதற்கு முன்னரே கருப்பைக்கு விலை வைத்தாயிற்று! பசித்தவள் காசுக்காகக் கொடுக்கும் இசைவைச் சுதந்திரமான இசைவென்று எப்படிக் கொள்வது?

சிகிச்சையைக் குறைகூறுவது என் நோக்கமன்று. பிள்ளைப் பேற்றை வரையறுக்கும் உரிமை பெண் விடுதலையின் ஒரு கூறு. ஆனால் அவள் முன்கூட்டியே அறியவேண்டியவை சில உண்டு. வயிற்றில் சிறு வெட்டு, இரு குழாய்களும் கட்டி அறுக்கப்படும், மாதவிடாய் நிற்காது, மீண்டும் கருவுறும் நிலைக்குத் திரும்புவது அரிது. சில நாள் ஓய்வு வேண்டும். பின்னும் ஓரிரு வாரம் பாரம் தூக்கலாகாது. காய்ச்சலோ, புண்ணில் சீழோ கண்டால் தாமதியாது மருத்துவரிடம் செல்லவேண்டும்.

பாரம் தூக்காமல் கொழுந்து பறிப்பதெங்ஙனம்? தலையில் கயிறு மாட்டி, முதுகில் கூடை நிறைய, செங்குத்தான மலையில் ஏறி இறங்குவதல்லவா அவள் தொழில்! என் மாணவி ஒருத்தியின் பாட்டி சொன்னாள்: “காசு எவ்வளவுன்னு சொன்னாங்க டீச்சர். எத்தனை நாளைக்குக் கூடை தூக்கக் கூடாதுன்னு ஒருத்தரும் சொல்லல.” எட்டாம் நாள் அவள் மலைக்குப் போனாளாம்.

இன்று உலகின் பெருநகரங்களில், பெண்ணுறுப்பின் இதழ்களை அழகுக்காகத் திருத்திக்கொள்ளும் வசதி படைத்தவளுக்கு, வீக்கம் எப்போது வடியும், எத்தனை வாரம் உடலை வருத்தலாகாது என்பதெல்லாம் அச்சிட்டே தரப்படுகின்றன. காசு கொடுப்பவளுக்கு விளக்கம் உண்டு; காசு வாங்கியவளுக்கு இல்லை.

ஆணின் விந்துக்குழாயைக் கட்டுவது இதைவிட எளிய சிகிச்சை, விரைவில் ஆறுவதும்கூட. ஆயினும் தோட்டங்களில் கத்திக்குக் கிடந்தவர்கள் மிகப் பெரும்பாலும் பெண்களே. கூடை சுமந்தவர்களும் அவர்களே.